கைகட்டி வாய்பொத்தி நிற்பது மரியாதையா?

மனிதன் வாயினால்தான் பேசுகிறான் என்றும், மற்ற அங்கங்களெல்லாம் நடக்கவும் உண்ணவும் வேலை செய்யவும் மாத்திரம் ஏற்பட்டவை என்றும் நமது ஜனங்களில் பெரும்பாலோர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். இது சரியல்ல. ஒருவன் வாயைத் திறப்பதற்கு முன்பாகவே அவன் கண் பேசிவிடுகிறது, தோள் பேசிவிடுகிறது, முதுகு பேசிவிடுகிறது. தோளில் கிடக்கிற துண்டுகூடப் பேசிவிடுகிறது. வாய்ப் பேச்சில் சுலபமாகப் பொய் சொல்லலாம். உடம்பின் பேச்சில் பொய் சொல்வது கஷ்டம். ஆகையால் ஒரு ஊரில் யார் எஜமான், யார் அடிமை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சட்டப் புஸ்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. இரண்டு பேர் தெருவில் எதிர்ப்படும்போது எவன் குனிகிறான், எவன் குனியாமல் போகிறான் என்று பார்த்தால் போதும்.

இந்த விஷயத்தை இப்போது எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லி விடுகிறோம்.

சமீபத்தில் ஒரு திங்கட்கிழமையன்று, ஜனங்கள் மனுக் கொடுக்கும் நாளில், டெல்டாவிலுள்ள ஒரு சர்க்கார் ஆபீசுக்கு நாம் போயிருந்தோம். எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பெரியவர், வீட்டு மனைப் பட்டாவுக்காக மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றி விட்டார். கழற்றும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கொண்டார். அதையும் யாரும் சொல்லவில்லை. மனுவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, முதுகை வளைத்து, மேஜைக்கு நாலடி தள்ளி நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, வயதில் அவருக்குப் பேத்தி போன்ற ஒரு பெண், "உட்காருங்க ஐயா" என்று நாற்காலியைக் காட்டினார். பெரியவர் உட்காரவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குந்தினார். அவருக்கு அடுத்தாற்போல் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவரோ, யாரும் சொல்லுமுன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார். அவர் கேட்க வந்தது சலுகை. பெரியவர் கேட்க வந்தது உரிமை. உரிமை கேட்க வந்தவர் தரையிலும், சலுகை கேட்க வந்தவர் நாற்காலியிலும் இருந்ததுதான் அங்கு நாம் கண்ட காட்சி.

பிறகு டீக்கடையில் அந்தப் பெரியவரைப் பார்த்து, "அந்தம்மா நாற்காலியிலே உட்காரச் சொல்லியும் ஏன் பெரியவரே உட்காரவில்லை?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறோம்:

"நான் குனியலீங்க. உடம்பு தானாக் குனிஞ்சிடுது. எங்கப்பா பண்ணையில இருந்தாரு. ஆண்டை வரப்புல வந்தா, தூரத்துல பாத்ததுமே துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்குவாரு. நான் சின்னப் பய, பக்கத்துல நின்னு பாத்தது. இப்போ பண்ணையும் இல்லே, ஆண்டையும் இல்லே. உடம்புக்கு அது தெரியமாட்டேங்குதுங்க."

வாசகர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். எஜமான் போய்விட்டான், ஆனால் எஜமானுக்காக வளைந்த முதுகு போகவில்லை. சட்டம் மாறிவிட்டது, ஆனால் முட்டிக்கும் முழங்கைக்கும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இதைப்பற்றித்தான் நாம் பேசவேண்டியிருக்கிறது.

உடம்புக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

பழைய தஞ்சை ஜில்லா, இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து கிடக்கும் இந்தக் காவிரிப் பாசனப் பூமி, நெல்லுக்குப் பேர் போனது போலவே பண்ணையடிமைக்கும் பேர் போனது. குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைவித்தவன் பண்ணையாள். களத்தில் கூலியாக அளந்துபோட்ட நெல்லோடு வீடு திரும்பியவனும் அவனேதான். வேலைக்குச் சற்றுத் தாமதமாக வந்தாலும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலும் சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. இந்தக் கொடுமையைச் செய்தவர்கள் அக்கிரகாரத்து மிராசுதாரர்கள் மாத்திரமல்ல. பார்ப்பனரல்லாத மிராசுதாரர்களும், மடங்களின் ஏஜெண்டுகளும் இதில் யாருக்கும் இளைத்தவர்களாக இருக்கவில்லை. இதை மறைப்பது நமக்கு அழகல்ல.

ஒரு மனிதனை நித்தமும் அடித்துக் கொண்டிருப்பது எஜமானனுக்கும் சிரமமான காரியம். ஆகையால் அடிக்காமலே அடிமையாக வைத்திருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காக ஏற்பட்டதுதான் இந்த உடம்புப் பாடம். எஜமான் தெருவில் செருப்புப் போடாதே, தோளில் துண்டு போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக் கூடாது, குடை பிடிக்காதே, எதிரே வந்தால் ஒதுங்கு, கண்ணைப் பார்த்துப் பேசாதே, பேசும்போது உன் மூச்சு அவர்மேல் படாதபடி வாயைப் பொத்து, எழுபது வயதானாலும் எஜமான் வீட்டு ஏழு வயதுப் பையன் "டேய்" என்று கூப்பிட்டால் "ஆண்டே" என்று ஓடிவா. இவை யாவும் சேர்ந்துதான் அந்தப் பாடம். இதை ஒருவன் பத்து வருஷம் படித்தானானால், பிறகு அவனுக்குச் சங்கிலி தேவையில்லை. அவன் உடம்பே அவனுக்குச் சங்கிலியாகிவிடும்.

இது எப்படிப்பட்ட பாடம் என்றால், சுதந்திரம் வந்து, 1950 ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லிய பின்பும், தாழ்த்தப்பட்ட மக்கள் செருப்பு அணிவதையோ, புதுத் துணி உடுத்துவதையோ, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறிப் போவதையோ தடுப்பது குற்றம் என்று 2015-ம் வருஷத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனியாகத் திருத்தம் எழுத வேண்டியதாயிற்று. ஒருவன் காலில் செருப்புப் போட்டுக்கொள்ள, அரசியல் சட்டம் வந்து 65 வருஷத்துக்குப் பிறகும் ஒரு பாராளுமன்றம் கூடிச் சட்டம் செய்ய வேண்டியிருக்கிறதென்றால் இந்நாட்டின் யோக்கியதையை என்னவென்று சொல்வது?

இது இயற்கையா?

"பெரியவர்களைக் கண்டால் கைகூப்புவதும் குனிவதும் மனிதனுக்கு இயற்கை" என்று சில பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். இயற்கை எது, பழக்கம் எது என்பதை ஆராய்ந்து பார்த்த ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சார்லஸ் டார்வின். மனிதர்களும் மிருகங்களும் உணர்ச்சிகளை வெளிக்காட்டுவதைப் பற்றி அவர் 1872-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அதற்காக உலகத்தின் பல பாகங்களில் இருந்தவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, விவரம் சேர்த்தார். சந்தோஷத்தில் சிரிப்பதும், துக்கத்தில் அழுவதும், கோபத்தில் முகம் மாறுவதும் எல்லா ஜாதி ஜனங்களுக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதை அவர் கண்டார். ஆனால் மண்டியிட்டுக் கைகளைக் கூப்புவதை அவர் இயற்கையென்று ஒப்பவில்லை. யுத்தத்தில் பிடிபட்டவன், "என் கைகளைக் கட்டிக்கொள்" என்று ஜெயித்தவனிடம் இரண்டு கையையும் சேர்த்து நீட்டியதிலிருந்தே இது வந்திருக்கலாம் என்று வேறொரு அறிஞர் சொன்ன விளக்கத்தை எடுத்துக்காட்டி, பக்தியில் கைகூப்புவது பிறவியிலேயே வந்த குணமாக இருக்க முடியாது என்றே அவர் முடிவு செய்தார்.

இது வெள்ளைக்காரன் அபிப்பிராயம் என்று யாராவது தள்ளிவிடுவார்களானால், நம் பழந்தமிழ் இலக்கணத்துக்கே போவோம். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதியே இருக்கிறது. மெய்யில் படுவது, அதாவது உள்ளத்திலுள்ளது உடம்பில் தெரிவது, மெய்ப்பாடு. அதை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தெந்தக் காரணத்தால் பிறக்கிறது என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. அச்சம் பிறப்பது தெய்வம் அல்லது பேய், கொடிய விலங்கு, கள்வர், தன்னை ஆளும் தலைவன் ஆகிய நான்கால் என்கிறது. பெருமிதம் பிறப்பது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கால் என்கிறது. இளிவரல் என்கிற தாழ்வுணர்ச்சி முதுமை, நோய், துன்பம், எளிமை இவற்றால் வரும் என்கிறது. இந்தப் பன்னிரண்டு காரணங்களில் எந்த இடத்திலாவது "பிறந்த ஜாதி" என்று ஒரு காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா? இல்லை. படித்தவனுக்கும் பயப்படாதவனுக்கும் பெருமிதம் வரும் என்று இருக்கிறதே தவிர, இன்ன தெருவில் பிறந்தவனுக்கு வரும் என்று இல்லை. பழம் புஸ்தகம் என்பதற்காக நாம் எதையும் ஒப்புக்கொள்ளுகிறவர்களல்ல. ஆனால், "எல்லாம் பழைய சாஸ்திரப்படி" என்கிறவர்களிடம், "எந்தப் பழைய சாஸ்திரப்படி?" என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

அதே தஞ்சையில் 1010-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோவிலின் மேல்தளத்துச் சுவரில் 108 நாட்டியக் கரணங்களில் 81-ஐக் கல்லிலே செதுக்கி வைத்திருக்கிறார்கள். மீதி 27-க்கு விட்ட கல் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. கை இப்படி இருந்தால் இன்ன அர்த்தம், கால் இப்படி இருந்தால் இன்ன அர்த்தம் என்று அவ்வளவு நுட்பமாக உடம்பின் பாஷையை அறிந்த நாடு இது. அப்படிப்பட்ட நாடு, உழுகிறவனுடைய உடம்புக்கு மாத்திரம் வளைந்து நிற்கிற ஒரே கரணத்தைக் கற்றுக் கொடுத்து நிறுத்திக் கொண்டது. இதற்கு யார் வெட்கப்படவேண்டும்?

துண்டின் சண்டை

"துண்டு தோளில் இருந்தால் என்ன, இடுப்பில் இருந்தால் என்ன? இதற்கு ஒரு கிளர்ச்சியா?" என்று கேட்பவர்கள் உண்டு. துண்டு அற்ப விஷயமென்றால், அது தோளில் கிடப்பதைக் கண்டு மற்றவர்களுக்கு ஏன் கோபம் வருகிறது? திருவாங்கூர் ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டுக்கொள்ள விரும்பியதற்காகப் பல வருஷ காலம் அடியும் கலகமும் நடந்து, 1859-ல்தான் அரசாங்கம் இணங்கி வந்தது. அப்போதும் மேல்ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரியில் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் இணங்கியது. ஒரு முழத் துணிக்கு இவ்வளவு சண்டை நடந்ததென்றால், அந்தத் துணி வெறும் துணியல்ல என்பது விளங்கவில்லையா?

நம் பக்கத்து நாதஸ்வர வித்துவான்களின் கதையும் இதுதான். ஊரெல்லாம் கேட்டுத் தலையாட்டும் சங்கீதத்தை வாசிப்பவன், செல்வந்தர் முன்னிலையில் சட்டை போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது வழக்கம். கானாடுகாத்தானில் நடந்த ஒரு கல்யாணத்தில், மதுரை சிவக்கொழுந்து என்ற வித்துவான் வேர்வையைத் துடைத்துக்கொள்ளத் தோளில் போட்டிருந்த துண்டை எடுக்கும்படி சிலர் அதட்டினார்கள். அங்கே இருந்த நம் பட்டுக்கோட்டை அழகிரிசாமி எழுந்து, துண்டை எடுக்காமலே வாசிக்கும்படி சொல்லி, அவருக்குப் பக்கபலமாக நின்றார். இது இயக்கத்தார் அநேகருக்குத் தெரிந்த சம்பவம்.

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இன்னும் ஒரு படி மேலே போனார். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார். சட்டையும் ஷெர்வானியும் போட்டுக்கொண்டார். மற்ற வித்துவான்களைப் போலவே தமக்கும் மேடை போட்டு உட்காரவைத்தால்தான் வாசிப்பேன் என்றார். இதனால் அவருடைய தோடி ராகம் கெட்டுப்போய் விட்டதா? கெடவில்லை. கேட்கிறவர்களுக்குத்தான், இந்த மனிதனுக்குச் சமமாக நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்ற புத்தி வந்தது.

வயலில் நடந்த சண்டை இதைவிடப் பெரிது. 1940-களில் பி. சீனிவாசராவ் முதலிய தோழர்கள் கீழத்தஞ்சைக் கிராமங்களில் விவசாயச் சங்கம் கட்டியபோது, கூலிக் கணக்கைச் சொல்லுவதற்கு முன்னால், அடித்தால் வாங்கிக்கொண்டு நிற்காதே, நிமிர்ந்து நில் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாம் அவர்களோடு பல விஷயங்களில் மாறுபடுகிறவர்கள். ஆனாலும் இந்த உண்மையை ஒப்புக்கொள்வதில் நமக்கு யாதொரு தயக்கமும் இல்லை. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு, முதலில் அந்த முதுகுகள் நிமிர்ந்ததும் ஒரு காரணம். நிமிர்ந்ததற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழவெண்மணியில், அதிகக் கூலி கேட்டுச் சங்கத்தை விடமாட்டோம் என்று நின்ற தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஆகவே, "நிமிர்ந்து நில்" என்று நாம் எழுதும்போது அது லேசான காரியம் என்று நினைத்து எழுதவில்லை. தனியாக ஒருவன் நிமிர்ந்தால் அவனை ஒடிப்பது சுலபம். ஊரே சேர்ந்து நிமிர்ந்தால் ஒடிப்பது கஷ்டம். எனவே, தனி ஆளைத் தூண்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது நம் வேலையல்ல. அவன் பக்கத்தில் போய் நிற்பதே நம் வேலை.

மரியாதை எது, அடிமைத்தனம் எது?

இனி, "அப்படியானால் மரியாதையே வேண்டாமா? பணிவு நல்ல குணமல்லவா? வந்தவனைக் கண்டு எழுந்திருக்காமல், விறைத்துக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் சுயமரியாதையா?" என்று கேட்கப்படலாம். இது நியாயமான கேள்விதான்.

இதற்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு. நாம் ஒருவருக்குச் செய்கிற காரியத்தை, அதே சந்தர்ப்பத்தில் அவர் நமக்குத் திருப்பிச் செய்வாரா என்று பாருங்கள். செய்வாரானால் அது மரியாதை. செய்யமாட்டாரானால், செய்வது அவருக்குக் கேவலம் என்று அவரும் நாமும் நினைப்போமானால், அது அடிமைத்தனம். விருந்தாளி வந்தால் எழுந்து நிற்கிறோம். அவர் வீட்டுக்கு நாம் போனால் அவரும் எழுந்து நிற்கிறார். அது மரியாதை. நாம் "வணக்கம்" என்றால் அவரும் "வணக்கம்" என்கிறார். அது மரியாதை. "கும்பிடுறேன் சாமி" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் கையை மாத்திரம் கொஞ்சம் அசைத்துவிட்டுப் போனால் அது மரியாதையல்ல. ஒருவன் காலில் ஒருவன் விழுகிறான். விழப்பட்டவன் இவன் காலில் ஒருநாளாவது விழுவானா? விழமாட்டான். ஆகவே அது எப்பேர்ப்பட்ட தலைவர் காலானாலும், எப்பேர்ப்பட்ட மந்திரி விழுந்தாலும், மரியாதையாகாது. ஓட்டு வாங்கி ஜனங்களுக்குப் பிரதிநிதியாக வந்தவர்கள் காமிராவுக்கு முன்னால் வரிசையாக நின்று ஒருவர் காலில் விழுந்த காட்சியை இந்நாடு பல வருஷங்களாகப் பார்த்திருக்கிறது. அன்று விழுந்தது அவர்கள் மாத்திரமல்ல. அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களும் சேர்ந்தே விழுந்தார்கள்.

குனிவதிலும் இரண்டு வகை உண்டு. சேற்றில் நாற்று நடுகிற பெண் நாள் முழுதும் குனிந்திருக்கிறாள். அவளைவிட அதிகமாகக் குனிந்தவர் யார்? ஆனால் அது பயிருக்காகக் குனிந்தது. அதில் இழிவென்ன இருக்கிறது? அவள் கரையேறிய பிறகு, வரப்பில் வருகிறவனைக் கண்டு இன்னொரு முறை குனிகிறாளே, அதுதான் இழிவு. அந்த இழிவும் அவளுடையதல்ல. குனிவதைக் கண்டு பேசாமல் போகிறவனுடையது.

பள்ளிக்கூடமும் நம் வீடும்

இந்தப் பாடம் பண்ணையோடு ஒழிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்றைக்கும் நம் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அகர முதல் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பாகக் கற்றுக் கொடுக்கிற பாடம் என்ன? "கையைக் கட்டு, வாயில் விரலை வை" என்பதுதானே! எழுத்தறிவிப்பதற்கும் வாயில் விரல் வைப்பதற்கும் என்ன சம்பந்தம்? கேள்வி கேட்க வேண்டிய வாயைப் பொத்தி, எழுத வேண்டிய கையைக் கட்டி வைத்துவிட்டு, "பையனுக்குத் தைரியமில்லை, நாலுபேர் முன்னால் பேச வரவில்லை" என்று பிற்பாடு வருத்தப்படுவதில் அர்த்தமென்ன? உபாத்தியாயத் தோழர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இது நிற்க, நம்மவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிற தோழர், திண்ணையில் உட்கார்ந்திருந்த மனைவி தம்மைக் கண்டதும் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நிற்பதைக் கண்டு, "உட்கார், ஏன் எழுந்திருக்கிறாய்?" என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறாரா? தாம் சாப்பிட்ட பிறகு அவள் சாப்பிடுவதையும், தெருவில் நாலடி பின்னால் அவள் நடப்பதையும், பெண் குழந்தையைப் பார்த்து, "தலை நிமிர்ந்து நடக்காதே" என்று பாட்டி சொல்வதையும் கவனித்திருக்கிறாரா? மிராசுதாருக்கு முன்னால் நம் முதுகு வளைவது தப்பென்றால், நமக்கு முன்னால் நம் வீட்டுப் பெண்ணின் கழுத்து வளைவது மாத்திரம் எப்படி நியாயமாகும்? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) போன்றவர்கள் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து கிளம்பி, ஊர் ஊராகப் போய், ஆண்களுக்கு மத்தியில் மேடையேறிப் பேசியதை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். அந்தப் பெருமைக்கு நாம் யோக்கியர்களாக வேண்டுமானால், அது நம் சமையலறை வாசலிலிருந்து ஆரம்பமாக வேண்டும். மணமக்கள் சமமாக உட்கார்ந்து, யார் காலிலும் விழாமல் செய்துகொள்ளும் சுயமரியாதைக் கல்யாணத்துக்கு 1967-ல் நிறைவேறிய சட்டம் அங்கீகாரம் கொடுத்து விட்டது. ஆனால் கல்யாணப் பந்தலில் சமமாக உட்கார்ந்தவர்கள் மறுநாள் வீட்டில் எப்படி உட்காருகிறார்கள் என்பதைச் சட்டம் வந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

அதுபோலவே, நம்மில் சிலர் மேல்ஜாதிக்காரனுக்கு முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வதைச் சுயமரியாதை என்று சொல்லிவிட்டு, தமக்குக் கீழே உள்ளதாக நினைக்கும் ஜாதிக்காரன் தோளில் துண்டு போட்டால் முகம் சுளிக்கிறார்கள். இவர்களுக்குச் சுயமரியாதை வேண்டியதில்லை. மிராசுதாருடைய நாற்காலி காலியானால் அதில் தாங்கள் உட்கார வேண்டுமென்பதுதான் ஆசை. இப்படிப்பட்டவர்களை நாம் தோழர்கள் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

உடம்பு பழக்கத்தால் கற்றதைப் பழக்கத்தால்தான் மறக்க வேண்டும். புத்தியில் தெரிந்தால் மாத்திரம் போதாது. நம் பெரியவருக்குப் புத்தியில் எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது; உடம்புக்குத்தான் தெரியவில்லை. ஆகையால் சில சாதாரணக் காரியங்களைச் சொல்லுகிறோம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, படிப்பும் வேண்டியதில்லை.

ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனால் இரண்டு காலையும் சமமாக ஊன்றி நில்லுங்கள். மனுவை ஏந்திப் பிடிக்காமல் கடிதம் கொடுப்பதுபோல் கொடுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். நாற்காலி ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கியது. பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். முறைக்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். வாய்க்கு முன்னால் கையைக் கொண்டு போகாதீர்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிறகு காரியத்தைச் சொல்லுங்கள், பிறகு எந்தத் தேதியில் பதில் வரும் என்று கேளுங்கள். "ஏதோ பாத்துச் செய்யுங்க சாமி" என்ற வார்த்தை இனி நம் வாயில் வரவேண்டாம். சலுகை கேட்பவன் வார்த்தை அது. முதல்முறை போகிறவர்கள் தனியாகப் போகவேண்டாம். இரண்டு மூன்று பேராகப் போங்கள். பக்கத்தில் ஒருவன் நிமிர்ந்து நின்றால் நம் முதுகும் தானாக நிமிரும். அந்தப் பெரியவர் தன் தகப்பனார் பக்கத்தில் நின்று குனியக் கற்றுக்கொண்டார் அல்லவா? நிமிர்வதையும் அப்படித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

மேஜைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதான ஒருவர் உங்கள் முன்னால் குனிந்து நின்றால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். பார்க்காததுபோல் இருக்கவும் வேண்டாம். ஒருமையில் பேசாதீர்கள். நாற்காலியைக் காட்டுவதோடு விட்டுவிடாமல், எழுந்து வந்து அதில் உட்கார வையுங்கள். காலில் விழ வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நிலம் வைத்திருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் யாவருக்கும் இது பொருந்தும். குனிந்தவன் நிமிர்வதற்கு ஒரு வருஷம் ஆகும் என்றால், குனிய வைத்தவன் தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு நாள் போதும், மனம்தான் வேண்டும்.

"இப்படியெல்லாம் நின்றால் வயிறு நிரம்புமா?" என்று சிலர் பரிகாசம் செய்யலாம். நிமிர்ந்து நிற்பதனால் மாத்திரம் வயிறு நிரம்பாது என்பது வாஸ்தவம். ஆனால் இத்தனை நூறு வருஷமாகக் குனிந்து நின்றோமே, அதனால் யார் வயிறு நிரம்பிற்று என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

கடைசியாக ஒன்று. டீக்கடையிலிருந்து புறப்படும்போது அந்தப் பெரியவர், இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் இடுப்பிலேயே கட்டப் போனார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு வந்திருந்த பேரன், பத்தாவது படிக்கிற பையன், "தாத்தா, தோள்ல போடு" என்றான். அவர் சிரித்துக்கொண்டே தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அடுத்த திங்கட்கிழமை அதே ஆபீசுக்குள் நுழையும்போது அந்தத் துண்டு எங்கே இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. அது தோளிலேயே இருக்கும்படி செய்வதுதான் நம் எல்லோருடைய வேலை.